அத்தானின் வேகம்

பிப்ரவரி 3, திங்கள்

முதல் ஒத்திகைத் தேர்வு முடிந்தது. பாதிக்கு மேல் ஃபெயில்.

எதிர்பார்த்ததுதான். இந்த முகாமில் உடற்பயிற்சி என்றால் ஓட்டம். காலையில் ஓடு, தப்பு செய்தால் ஓடு, மழை வந்தால் இன்னும் கொஞ்சம் ஓடு. பி.டி. மாஸ்டர் வாயிலிருந்து விசிலை எடுத்து யாரும் பார்த்ததில்லை. அதனால் அவர் பெயரே விசில். பீரங்கிக்காரனுக்கு ஓடுவதா வேலை? லாரியிலிருந்து நாற்பத்துமூன்று கிலோ குண்டை இறக்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப்போய், பீரங்கியின் தட்டில் வைக்க வேண்டும். திரும்பி வந்து அடுத்தது. அதற்கு முதுகு வேண்டும், தொடை வேண்டும், கையில் பிடி வேண்டும். இதைச் சொல்லத்தான் என்னை ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறார்கள். உடற்பயிற்சி அறிவியல் படித்தவன், முதல் வேலை, சீருடை கிடையாது.

டிசம்பரில் ஒரு பீரங்கிக் குழு வேலை செய்வதைப் படம் பிடித்து, நேரம் அளந்து, அதை வைத்துத்தான் தேர்வின் அளவைப் போட்டேன். வேலை எதைக் கேட்கிறதோ அதையே தேர்வும் கேட்க வேண்டும். கமாண்டர் ஒப்புக்கொண்டுவிட்டார். ஏப்ரல் கடைசியில் இறுதித் தேர்வு. தேறாதவர்கள் பீரங்கியை விட்டு, சாமான் கணக்குப் பார்க்கும் ஸ்டோருக்குப் போக வேண்டியதுதான்.

ஃபெயில் ஆனவர்களில் அத்தானும் ஒருவர். அக்காவின் கணவர். டிசம்பரில் நான் படம் பிடித்த குழுவின் தலைவரே அவர்தான். அன்றைக்குப் பறந்த மனுஷன், இன்றைக்குப் பாதியிலேயே மூச்சு வாங்கி லாரிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றார். "என்ன மாப்ள, உன் கடிகாரம் கொஞ்சம் அவசரப்படுது போல" என்றார், சிரித்துக்கொண்டே.

பதினான்கு வருஷமாக அதே பீரங்கி. அதற்கு ஒரு செல்லப் பெயர்கூட வைத்திருக்கிறார். அதை இங்கே எழுத மாட்டேன். அக்கா கண்ணில் பட்டால் வம்பு.

நான் தங்கியிருப்பது அவர்கள் குவார்ட்டர்ஸில். சாப்பிடுவதும் அவர்கள் சாப்பாடு.

பிப்ரவரி 4, செவ்வாய்

அக்கா பேசவில்லை. டீயில் சர்க்கரையும் இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

வாரத்தில் மூன்று நாள் ஓட்டத்தைப் பிடுங்கிவிட்டேன். பதிலுக்கு எடை தூக்குவது, சுமையோடு நடப்பது, மணல் மூட்டையை இழுப்பது. விசிலுக்குக் கோபம், கமாண்டர் அறைக்கே வந்துவிட்டார். "என் பசங்க ஓடி ஓடித்தான் மனுஷனானாங்க" என்றார். "ஓடி ஓடித்தான் முதுகுவலிக்காரனானாங்க" என்றேன். கமாண்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்திருப்பார்.

சாயங்காலம் வீட்டு முற்றத்தில் அத்தானுக்குத் தனிப் பாடம். அவர் குண்டைத் தூக்குவது முதுகை வளைத்து, வாயால் முனகி, விதியை நம்பி. குனிவதையே முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. முதுகோடு ஒரு கம்பை நீளவாக்கில் வைத்து, பின்மண்டை, மேல்முதுகு, இடுப்பின் அடி மூன்றும் கம்பை விட்டுப் பிரியாமல் இடுப்பை மடக்க வேண்டும். கம்பு இல்லை. துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்.

அக்கா வாசற்படியில் நின்று பார்த்தாள். மூன்று நாளில் முதல் பேச்சு:

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர் கையில துடைப்பத்தை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

"மாப்ள, இது முதுகுக்கா, வீட்டுக்கா?"

"ரெண்டுக்கும்" என்றேன். கம்பு மண்டையை விட்டுப் பிரிந்தது. திரும்ப முதலிலிருந்து.

பிப்ரவரி 15, சனி

சுமைநடை. அத்தான் முதுகுப் பையில் மணல். பாப்பா, அவர்கள் மகள், ஐந்து வயது, மணலுக்குப் பதில் தன்னைத்தான் போட வேண்டும் என்று அழுது ரகளை. எடையைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. மணலைக் கொட்டிவிட்டு அவளைப் போட்டோம்.

மணல் வழியெல்லாம் பாட்டுப் பாடாது. இந்தச் சுமை பாடியது.

பிப்ரவரி 22, சனி

ஆள் முன்னேறுகிறார். தொடை உறுதியாகிறது, பிடி நிற்கிறது. ஆனால் ராத்திரி அக்கா எண்ணெயில் பொரித்து அடுக்குகிறாள், அவர் அடுக்கியதைக் கலைக்கிறார். "அக்கா, நான் ஒரு பக்கம் கட்டுறேன், நீ ஒரு பக்கம் இடிக்கிற" என்றேன்.

"அவர் தோத்தா ஸ்டோருக்குத்தானே போவார்? ஸ்டோர்க்காரங்க அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்துடறாங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அப்படித்தான் நினைக்கிறேன்.

மார்ச் 8, சனி

இரண்டாவது ஒத்திகை. எல்லோரும் முன்னேறியிருக்கிறார்கள். ஆனாலும் பெரும்பாலோர் ஃபெயில். அத்தானும்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "டிசம்பர்ல இதே குண்டு, இதே தூரம், இதைவிட மோசமான உடம்பு. அன்னைக்கு எப்படி முடிஞ்சுது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

அத்தான் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். "அன்னைக்குக் காத்து நல்லா அடிச்சுது மாப்ள."

அவர் குழுவில் ஒட்டகம் என்று ஒருவன், எக்கி நின்றாலே லாரிக்கூரை தெரியும் உயரம். "அண்ணே, சொல்லிடலாமே..." என்று ஆரம்பித்தான். "உன் பையை எடுத்து வைடா" என்று அத்தான் வெட்டிவிட்டார். யாரிடமும் அவர் இப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

உடம்பில் வலு ஏறியிருக்கிறது, நேரம் மட்டும் இறங்கவில்லை. எங்கே ஓட்டை?

மார்ச் 14, வெள்ளி

ஒட்டகத்தின் முதுகு பிடித்துக்கொண்டது. தேர்வு நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று குண்டோடு ஓடியிருக்கிறான். திரும்பும்போது இடுப்பு முறுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டான். முகாம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கட்டில் போதாமல் கால் வெளியே.

"முதுகை நேரா வைன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"நேரா வெச்சா நேரம் ஆகுது சார்."

கோபமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அவன் சொன்னது சரியாகவே இருந்தது. சரியாகத் தூக்கினால் என் நேரத்துக்குள் முடியாது. அப்படியென்றால்?

மார்ச் 21, வெள்ளி

களப்பயிற்சியின் மூன்றாவது நாள். நானும் கூடவே வந்திருக்கிறேன். டிசம்பரில் படம் பிடித்த அந்த அரை மணி நேரத்தைத் தவிர, இதுவரை மைதானத்தில்தான் இவர்களைப் பார்த்திருக்கிறேன், வேலையில் பார்த்ததே இல்லை. பெரிய படிப்பு.

ஒருவனும் ஓடவில்லை.

முதல் நாள் சோம்பல் என்று நினைத்தேன். பற்களைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். குண்டைத் தூக்குகிறான், நடக்கிறான், வைக்கிறான், திரும்புகிறான். நாள் முழுக்க இதையே செய்ய வேண்டியவனின் நடை. நடுவில் உத்தரவுக்காகக் காத்திருப்பு. பிறகு எல்லாவற்றையும் கட்டி, முதுகில் மூட்டையோடு வேறு இடத்துக்கு நடை. அங்கே பள்ளம் வெட்டு, பீரங்கியை நிறுத்து, திரும்பக் குண்டு. இரண்டாம் நாள் மற்றப் பீரங்கிகளையும் போய் அளந்தேன். எல்லாம் ஒரே வேகம். என் தேர்வு கேட்கும் வேகத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். அவ்வளவுதான்.

ஓடியது ஒரே ஒரு ஆள். அத்தான். இன்று காலை கமாண்டர் பார்வையிட வந்தார். ஒட்டகம் இல்லாத குறை தெரியக் கூடாதென்று அத்தான் இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகப் பறந்து பறந்து செய்தார். கமாண்டர் தலையசைத்துவிட்டுப் போனார். மத்தியானம் அத்தானால் எழுந்திருக்க முடியவில்லை. லாரி நிழலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவர் பங்கையும் குழுவே தூக்கியது, முகம் சுளிக்காமல்.

வெயிலில் நின்றபடி கையிலிருந்த கணக்கைத் திரும்பப் பார்த்தேன். டிசம்பரில் நான் எதை அளந்தேன்?

மார்ச் 23, ஞாயிறு

தெரிந்துவிட்டது.

பாப்பாவுக்கு அப்பா குண்டு தூக்குவதைப் பார்க்க வேண்டுமாம். டிசம்பர்ப் படத்தை லாப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். அந்தப் படத்தை நான் எத்தனை தடவை ஓட்டியிருப்பேனோ, எல்லாம் சத்தத்தை அணைத்து. வெறும் காற்றிரைச்சல், எண்ணிக்கைக்கு இடைஞ்சல் என்று. பாப்பாவுக்கு என்ன கணக்கா, எண்ணிக்கையா. சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டாள்.

காற்றுக்கு நடுவில் அத்தான் குரல்:

"டேய், படம் பிடிக்கிறது என் மச்சினன். அவனுக்கு முதல் வேலை. பின்னால ஆபீசருங்க எல்லாம் நிக்கிறாங்க. ஆமை மாதிரி நகர்ந்தீங்கன்னா அவன் அளக்கறதைப் பார்த்து சிரிப்பாங்க. பறங்கடா."

பறந்தார்கள். ஒரே ஒரு முறை, அரை மணி நேரம், களைப்பில்லாத உடம்போடு, எனக்காக. அந்த அரை மணி நேரத்தை எடுத்து ஒரு படைக்கே அளவாக வைத்துவிட்டேன் நான்.

"அப்பா உன்னைப் பத்திப் பேசறார் மாமா" என்றாள் பாப்பா. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளும் கேட்டிருந்தாள்.

அத்தான் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். துடைப்பத்திலிருந்து இதற்கு முன்னேறியிருக்கிறார். நேராகக் கேட்டேன்.

"ஏன் சொல்லல?"

"எதை?"

"பறங்கடா."

பாப்பாவின் சட்டையை உதறிக் கொடியில் போட்டார். "கணக்குப் போட்டுட்ட. கமாண்டரும் சரின்னுட்டார். அதுக்கப்புறம் நான் போய், என் மச்சினன் கணக்கு தப்புன்னா சொல்ல முடியும்?"

"பீரங்கிய விட்டே போயிருப்பீங்க."

"ஏன் போறேன்? அதுக்குத்தானே துடைப்பத்தைக் கட்டிக்கிட்டு ஆடிட்டிருக்கேன். எப்படியாச்சும் பாஸ் பண்ணிட்டா உன் கணக்கும் சரி, என் இடமும் சரின்னு பார்த்தேன்."

"ஒட்டகம் படுத்துட்டானே."

கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "அவனைத் தினமும் போய்ப் பார்க்கிறேன்" என்றார் கடைசியில்.

எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. மீதித் துணியை உலர்த்தினேன்.

அக்காவிடம் கேட்டேன். நான் போய்ச் சொன்னால் எல்லாரும் என்ன நினைப்பார்கள்? அத்தான் தேறவில்லை, அதனால் அளவைக் குறைக்கிறான் என்பார்கள். என் வேலையே போகலாம்.

அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு அவர் ஸ்டோருக்குப் போனா நிம்மதிதான்டா. அன்னைக்கு விளையாட்டுக்குச் சொல்லல. ஆனா உன் தப்புக் கணக்குல போகக் கூடாது. அது அவருக்கு ஆறாது. நீ சும்மா இருந்தா இன்னொருத்தன் முதுகும் போகும். போய்ச் சொல்லு."

பிப்ரவரியிலிருந்து பொரித்துப் போட்டவள் இவள். என்ன பெண்ணடா.

மார்ச் 24, திங்கள்

சொல்லிவிட்டேன். படத்தைச் சத்தத்தோடு போட்டுக் காட்டினேன். களத்தில் அளந்ததையும் பக்கத்தில் வைத்தேன்.

கமாண்டர் முதலில் கேட்டது நான் பயந்த கேள்வியேதான். "இது உங்க அத்தானுக்காகவா?"

"புது அளவு அவருக்கு இன்னும் கஷ்டம் சார்."

பொய்யில்லை. வேகம் குறையும், நேரம் நீளும். முதலில் மூட்டையோடு நடை, அப்புறம்தான் குண்டு. கையில் குண்டோடு ஓடுகிறவனுக்கு அந்தக் குண்டு கணக்கில் சேராது. கடைசியில், களைத்த பிறகு, காயம்பட்ட ஆள் என்று ஒருவனை இழுத்து வர வேண்டும். களத்தில் நடக்கிறபடியே. அத்தானுக்கு அரை மணி நேரம் பறக்க முடியும். மத்தியானம் வரை நடக்கத்தான் முடியாது. அதைத்தான் கண்ணால் பார்த்தேனே.

கமாண்டர் யோசித்தார். பக்கத்து முகாமின் பீரங்கிகளையும் முன்கூட்டிச் சொல்லாமல் போய் அளந்து வரச் சொன்னார். இறுதித் தேர்வை விசில் நடத்துவார், நான் மைதானத்துக்குள் வரக் கூடாது என்றார். வேலை போகவில்லை. "அடுத்த தடவை காதையும் கொண்டு வாங்க" என்றார்.

டீயில் சர்க்கரை இருந்தது.

ஏப்ரல் 5, சனி

பக்கத்து முகாமிலும் அதே நடைதான். புது அளவு தயார். எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னேன்: நான் தப்பாக அளந்துவிட்டேன், அதனால்தான் மாறுகிறது. யார் பறந்தார்கள், எதற்குப் பறந்தார்கள் என்று சொல்லவில்லை. ஒட்டகம், முதுகில் பட்டையோடு கடைசி வரிசையில் நின்றவன், அத்தானைப் பார்த்துச் சிரித்தான். இன்னும் சில வாரம் எடை தூக்கக் கூடாது, நடக்கலாம். அவனுக்குத் தேர்வு மே மாதம்.

விசில் பக்கத்தில் வந்து, "நடைன்னா எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கறேன்" என்றார். இருவருமாகப் புதுப் பயிற்சியைப் போட்டோம். ஓட்டத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நீண்ட வேலைக்கு மூச்சும் வேண்டும் அல்லவா. அதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. சொன்னால் விசில் அடிப்பார்.

ஏப்ரல் 12, சனி

அத்தானிடம் என்ன கோளாறு என்று கண்டுபிடித்துவிட்டேன். உடம்பில் இல்லை. யாராவது பார்த்தால் வேகம் எடுக்கிறார். தனியாக விட்டால் சரியான நடை. நான் போய் நின்றால் கொஞ்சம் கூடும். கமாண்டரின் ஜீப் தெரிந்தால் போச்சு. இன்று தபால்காரர் சைக்கிளில் போனார், அதற்கும் ஒரு எட்டு முடுக்கினார்.

"தபால்காரர்கிட்ட என்ன அத்தான் நிரூபிக்கணும்?"

"தெரியல மாப்ள. கால் தானா போகுது."

ஏப்ரல் 13, ஞாயிறு

புதுப் பயிற்சி. முற்றத்தின் ஒரு கோடியில் மணல் மூட்டை, மறுகோடியில் பாப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்கிறாள். அவள்தான் அவருக்கு உலகத்திலேயே பெரிய கூட்டம். அவள் முன்னால் அவர் வேகம் எடுக்கக் கூடாது. எடுத்தால் அவள் சொல்ல வேண்டும்.

"மெதுவா அப்பா."

முதல் பத்து நிமிஷத்தில் குரல் கட்டிவிட்டது அவளுக்கு.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்று ஒரு மணி நேரம். பாப்பா இரண்டே முறைதான் சொன்னாள். பிறகு போரடித்து ஸ்டூலிலேயே தூங்கிவிட்டாள். அவர் அதே நடையில் போய்க்கொண்டே இருந்தார்.

அக்கா ராத்திரி வேகவைத்த காய் வைத்தாள். அவர் தட்டையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "அஞ்சு மணிப் புருஷன் வேண்டாமா?"

"சாப்பிடுங்க."

ஏப்ரல் 28, திங்கள்

நாளைக்குத் தேர்வு. அத்தான் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டபடி சொன்னார்:

"நீ உள்ள வரக் கூடாதுன்னு கமாண்டர் சொன்னது நல்லதுதான் மாப்ள."

"ஏன்?"

"நீ நின்னா நான் ஓடிடுவேன்."

பிரஷ்ஷை வாங்கி இன்னொரு பூட்ஸுக்கு நான் போட்டேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

குவார்ட்டர்ஸ் மாடியிலிருந்து மைதானம் தெரியாது, விசில் மட்டும் கேட்கும். நடை தொடங்கியதற்கு ஒன்று. குண்டுகள் தொடங்கியதற்கு ஒன்று. அக்கா உலர்ந்துவிட்ட துணியையே திரும்பத் திரும்ப மடிக்கிறாள். பாப்பா ஸ்டூலை மாடிக்கே தூக்கி வந்துவிட்டாள். கைப்பிடிச் சுவர் வழியாக ஒன்றும் தெரியாத பக்கத்தைப் பார்த்து, "மெதுவா அப்பா" என்கிறாள். அவ்வப்போது. கடமை.

நானும் உள்ளுக்குள் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாழ்க்கையில் ஒருவரையாவது மெதுவாகப் போ என்று நான் சொன்னதுண்டா?

காயம்பட்ட ஆளை இழுத்து வருவதற்கான விசில் இன்னும் கேட்கவில்லை.

மே 26, திங்கள்

விடிந்ததும் வண்டிகள் கிளம்பின. எல்லைப் பக்கம், ஆறு மாதம். முகாம் வாசலில் நாங்கள் மூவரும் நின்றோம்.

புது அளவிலும் தேறாதவர்கள் சிலர் ஸ்டோருக்குப் போயிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் நல்ல ஓட்டக்காரப் பையன்கள். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அடுத்த தேர்வுக்கு அவர்களை நான்தான் தயார் பண்ணுகிறேன், திருப்பிய முகத்தோடு.

மூன்றாவது லாரி, பின்னால் அந்தப் பீரங்கி. லாரியின் பின்பக்கம் கூரையில் தலை இடிக்காமல் குனிந்தபடி ஒட்டகம். அவனுக்குப் பக்கத்தில், கடைசி இருக்கையில், முதுகை நேராக வைத்துக்கொண்டு அத்தான்.

அக்கா அழவில்லை. "சாப்பாட்டுப் பையைக் காலுக்கடியில வெச்சிருக்கார் பாரு, நசுங்கப் போகுது" என்றாள். பிறகு, லாரி திரும்பும்போது, "அஞ்சு மணிக்கு வர்ற புருஷனுக்கு எனக்குக் கொடுத்து வைக்கல" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அத்தான் எங்களைப் பார்த்துவிட்டார். வாசல் முழுக்கக் கூட்டம், கமாண்டர் வேறு நிற்கிறார். எழுந்து இரண்டு கையையும் வீசுவார் என்று நினைத்தேன்.

ஒரு கையை மட்டும் தூக்கினார். மெதுவாக, என்னையே பார்த்துக்கொண்டு, தலைக்கு மேலே போகும் வரை ஒரே சீராக. அப்படியே நிறுத்தி வைத்திருந்தார், லாரி மறையும் வரைக்கும்.

"சரியாப் பண்றார் மாமா" என்றாள் பாப்பா.